லினக்ஸ் டெஸ்க்டொப் புரொகிராம்களை ரூட்டாகத் திறப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய லப்டொப் ஒன்றுக்கு மின்ட் அல்லது உபுண்டு என்கிற லினக்ஸ் வகை ஒன்றைப் போட்டுக் கொடுத்தால் முதல் கிழமை சந்தோஷம், அடுத்த கிழமை போன் வரும். களுவாஞ்சிகுடியோ கல்முனையோ அக்கரைப்பற்றோ, கதை ஒன்றுதான்: "அண்ணே, பெர்மிஷன் டினைட் என்று வருது, இதை ரூட்டாகத் திறக்கிறது எப்படி?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வொய்ஸ் மெசேஜ் அனுப்புவதை விட ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று இந்தப் பக்கம். கொமாண்டுகளை வாசிக்கிற மாதிரித் தமிழில் எழுதியிருக்கிறேன், டைப் பண்ணும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் போடுங்கள், பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்கிறேன்.

ரூட் என்பது விண்டோஸில் இருக்கிற அட்மினிஸ்ட்ரேட்டர் மாதிரியா?

கிட்டத்தட்ட. லினக்ஸில் எண் 0 கொண்ட கணக்குத்தான் ரூட். எந்தப் பைலையும் திறக்கலாம், அழிக்கலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். உபுண்டுவிலும் மின்டிலும் அந்தக் கணக்குக்கு பாஸ்வேர்ட் கிடையாது, நேரே லொகின் பண்ண முடியாதபடி பூட்டித்தான் வரும். இன்ஸ்டோல் பண்ணும்போது நீங்கள் உருவாக்குகிற முதல் கணக்குக்கு சூடோ உரிமை தரப்படும், அதாவது உங்கள் சொந்த பாஸ்வேர்டைக் கொடுத்து ஒரு வேலையை ரூட் பெயரில் செய்விக்கலாம். டெபியன் என்கிற இன்னொரு லினக்ஸில் கதை வேறு, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அப்படியென்றால் டெர்மினலில் சூடோ என்று எழுதி, பக்கத்தில் புரொகிராமின் பெயரைப் போட்டால் சரிதானே? எனக்குத் திறக்கிறதே?

திறக்கும். திறக்காமல் விட்டிருந்தால் இவ்வளவு கரைச்சல் இல்லை.

டெர்மினலில் ஓடுகிற சின்னக் கொமாண்ட் ஒரு வேலையைச் செய்துவிட்டுப் போய்விடும். டெஸ்க்டொப் புரொகிராம் அப்படியில்லை. ஒரு டெக்ஸ்ட் எடிட்டரைத் திறந்தால் அது உங்கள் ஹோம் போல்டரில் உள்ள செட்டிங்ஸை வாசிக்கும், கடைசியாகத் திறந்த பைல்களின் பட்டியலை எழுதும், கேஷ் உருவாக்கும், பிளகின்களை ஏற்றும், ஸ்பெல் செக் அகராதியைத் தேடும். இவ்வளவும் நீங்கள் ஒரு எழுத்துக்கூட அடிப்பதற்கு முதல். இது முழுவதும் ரூட் பெயரில் நடந்தால் அந்தப் பைல்களுக்கெல்லாம் உரிமையாளர் ரூட் ஆகிவிடும், பிறகு நீங்கள் சாதாரணமாக அதே புரொகிராமைத் திறக்கும்போது அது தன் சொந்த செட்டிங்ஸையே எழுத முடியாமல் நிற்கும்.

உபுண்டுவில் இது ரொம்ப நாள் மோசமாக இருந்தது. சூடோ போட்டாலும் ஹோம் போல்டர் உங்களுடையதாகவே இருக்கும்படி வைத்திருந்தார்கள். 19.10 பதிப்பிலிருந்துதான் அதை மாற்றி ரூட்டின் ஹோமுக்குப் போக வைத்தார்கள். பழைய வழிகாட்டிகளில் சூடோவுக்குப் பிறகு ஒரு கோடும் பெரிய 'எச்' எழுத்தும் போடச் சொல்வது இதனால்தான், ஹோமை ரூட்டுடையதாக மாற்றுவதற்கு. இப்போதும் போடலாம், கெடுதல் இல்லை.

இரண்டாவது காரணத்தைப் பலர் யோசிப்பதே இல்லை. 1987இல் வந்த எக்ஸ் 11 என்கிற திரை முறையில் ஒரே திரையில் இருக்கிற புரொகிராம்களுக்கு இடையில் சுவரே கிடையாது. ஒரு ஜன்னலில் அடிக்கிற எழுத்தை இன்னொரு புரொகிராம் ஒட்டுக்கேட்கலாம், பொய்யாக எழுத்து அடித்தும் விடலாம். இன்டர்நெட்டில் இருந்து எதையோ இறக்கி சாதாரணக் கணக்கில் ஓடவிட்டிருக்கிறீர்கள், பக்கத்தில் ரூட்டாக ஒரு பைல் மெனேஜர் திறந்திருக்கிறது என்றால், அந்த இறக்கிய சாமான் ரூட் ஜன்னலுக்குக் கட்டளை கொடுக்கலாம். பாஸ்வேர்ட் தேவையில்லை, அதை நீங்களே கொடுத்துவிட்டீர்களே.

ரீஸ்டார்ட் பண்ணினேன். பாஸ்வேர்ட் சரியாகத்தான் கொடுக்கிறேன், திரை ஒரு தரம் கறுத்து மறுபடியும் லொகின் பக்கத்துக்கே வருகிறது. விண்டோஸ் போட்டுவிடவா?

பொறுங்கள், விண்டோஸ் வேண்டாம். பெரும்பாலும் இது மேலே சொன்னதன் விளைவுதான். ஹோம் போல்டரில் புள்ளியில் தொடங்குகிற மறைந்த பைல்கள் இரண்டு உண்டு: எக்ஸ்ஒதோரிட்டி, ஐசிஈஒதோரிட்டி. முதலாவதில் எக்ஸ் மட்டும் பெரிய எழுத்து, இரண்டாவதில் ஐ, சி, ஈ மூன்றும் பெரிய எழுத்து. இவற்றின் உரிமையாளர் ரூட் ஆகிவிட்டால் உங்கள் டெஸ்க்டொப் தொடங்க முடியாமல் விழுந்துவிடும்.

லொகின் பக்கத்தில் நிற்கும்போதே கன்ட்ரோல், ஒல்ட், எஃப் 3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். கறுப்புத் திரையில் எழுத்து மட்டும் வரும். உங்கள் பெயர், பாஸ்வேர்ட் கொடுத்து உள்ளே போய் எல்எஸ், இடைவெளி, கோடு, எல்ஏ என்று அடியுங்கள். (போல்டருக்குத் தமிழில் பெயர் வைத்திருந்தால் கட்டம் கட்டமாகத் தெரியும், பயப்பட வேண்டாம், அந்தத் திரைக்குத் தமிழ் தெரியாது, அவ்வளவுதான்.) பட்டியலில் மூன்றாவது நான்காவது நிரல்களில் உரிமையாளர் பெயரும் குழுவின் பெயரும் இருக்கும். உங்கள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ரூட் என்று இருந்தால் ஆள் அகப்பட்டுவிட்டார். உரிமையாளரை மாற்ற இப்படி அடியுங்கள்: சூடோ, சீஎச்ஓன், உங்கள் யூசர் பெயர், ஒரு முக்காற்புள்ளி, மறுபடியும் உங்கள் யூசர் பெயர், இடைவெளி விட்டு அந்தப் பைலின் பெயர். இரண்டு பைலுக்கும் செய்துவிட்டு ரீபூட்.

இந்த இரண்டு பைலும் சரியாக இருந்தும் உள்ளே விடவில்லை என்றால் டிஎஃப், இடைவெளி, கோடு, எச் என்று அடித்து டிஸ்க் நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். நூறு வீதம் நிரம்பின டிஸ்கும் இதே மாதிரித்தான் லொகின் பக்கத்துக்குத் திருப்பி அனுப்பும். கலியாண வீட்டு வீடியோக்களை டெஸ்க்டொப்பிலேயே குவித்து வைக்கிற ஸ்டூடியோக்காரர்களுக்கு இது அதிகம்.

உள்ளே போன பிறகு ஹோமில் வேறு எதெல்லாம் ரூட் பெயரில் கிடக்கிறது என்று தேடவும் கொமாண்ட் உண்டு: ஃபைண்ட், அலைக்கோடு, பிறகு கோடு போட்டு யூசர், இடைவெளி, ரூட். வருகிற பட்டியலை சீஎச்ஓன் பண்ணித் திருப்பி எடுத்துக்கொள்ளலாம்.

யூடியூபில் ஜிகேசூடோ போடச் சொல்கிறார்கள். எனக்கு அப்படி ஒரு கொமாண்டே இல்லை என்கிறது.

டெஸ்க்டொப் புரொகிராமை ரூட்டாகத் திறக்க இருந்த அந்தக் கொமாண்ட் போய்ப் பல வருஷம். உபுண்டு 18.04 வந்தபோதே அது இருந்த ஜிகேசூ பொதியை எடுத்துவிட்டார்கள், டெபியனும் எடுத்துவிட்டது. கேடிஈ டெஸ்க்டொப்புக்கு இருந்த கேடிஈசூடோவும் அந்தக் காலத்துச் சாமான்தான். எங்கிருந்தோ பழைய டெப் பைலைத் தேடிப் போடாதீர்கள். அதைச் சொல்லித்தருகிற வீடியோ எந்த வருஷத்தில் போட்டது என்று பார்த்தாலே போதும்.

அதற்குப் பதிலாக என்ன வந்தது?

பொல்கிட். பழைய பெயர் பொலிசிகிட். இது ஜிகேசூடோவுக்கு நேர் மாற்று இல்லை, யோசனையே வேறு. முழுப் புரொகிராமையும் ரூட் ஆக்காமல், ரூட் தேவைப்படுகிற அந்த ஒரு வேலையை மட்டும் பின்னால் இருக்கிற சின்ன உதவியாளர் ஒருவர் செய்வார், நீங்கள் தொடுகிற ஜன்னல் உங்கள் கணக்கிலேயே ஓடும். மாமாங்கேஸ்வரர் கோயிலில் நாம் அர்ச்சனைத் தட்டை வெளியில் நின்று கொடுக்கிறோம், மூலஸ்தானத்துக்குள் போகிறவர் குருக்கள் மட்டும், அந்த மாதிரி.

ஏற்கெனவே தினமும் இதைப் பயன்படுத்திக்கொண்டுதான் இருக்கிறீர்கள். டிஸ்க்ஸ் புரொகிராமில் ஒரு பென் டிரைவை ஃபோர்மட் பண்ணினால் அந்த வேலையைச் செய்வது யூடிஸ்க்ஸ் என்கிற சேவை. வைஃபையை மாற்றினால் நெட்வேர்க் மெனேஜர். நேரத்தை மாற்றினால் சிஸ்டம்டியின் ஒரு துண்டு. தேவையான நேரத்தில் மட்டும் பாஸ்வேர்ட் பெட்டி எழும்பும், சிலவற்றுக்கு அதுவும் எழும்பாது.

பிகேஎக்ஸெக் என்று ஒன்று இருக்கிறதே? அதைப் போட்டால் சில புரொகிராம் திறக்கிறது, சிலது "கேனொட் ஓபன் டிஸ்பிளே" என்கிறது.

அது பொல்கிட்டோடு வருகிற கொமாண்ட்தான், பாஸ்வேர்டை ஒரு பெட்டியில் கேட்கும். ஆனால் பாதுகாப்புக்காகச் சூழல் மாறிகள் (புரொகிராமுக்குப் பின்னணித் தகவல் சொல்கிற மதிப்புகள்) எல்லாவற்றையும் துடைத்துவிட்டுத்தான் புரொகிராமைத் தொடங்கும். டிஸ்பிளே, எக்ஸ்ஒதோரிட்டி இரண்டும் அதில் போய்விடும், திரை எங்கே இருக்கிறது என்றே புரொகிராமுக்குத் தெரியாது. டிஸ்கைப் பிரிக்கிற ஜிபார்டெட், பொதிகளை இன்ஸ்டோல் பண்ணுகிற சினப்டிக் மாதிரியானவை தங்களுக்கென்று ஒரு பொலிசி பைலோடு வருகின்றன, அதில் கிராபிக்கல் அனுமதி எழுதப்பட்டிருக்கும், அதனால் அவை திறக்கும்.

நீங்களும் ஒரு பொலிசி பைல் எழுதலாம், யூஎஸ்ஆர், ஷெயார், பொல்கிட்-1, எக்ஷன்ஸ் என்ற போல்டருக்குள் போட வேண்டும். ஆனால் கேட்பவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது: எந்தப் புரொகிராம், எதற்கு? பதில் "டெக்ஸ்ட் எடிட்டர்" அல்லது "பைல் மெனேஜர்" என்றால் பொலிசி எழுதவே வேண்டாம், அடுத்த இரண்டு கேள்விகளைப் பாருங்கள்.

ஐ3, ஓபன்பொக்ஸ், ஸ்வே மாதிரி மெலிந்த டெஸ்க்டொப் பாவிக்கிறவர்களுக்குப் பாஸ்வேர்ட் பெட்டியே வராமல் போகலாம். பெட்டியைக் காட்டுகிற ஏஜென்ட் அங்கே தானாக ஓடாது. எல்எக்ஸ்பொல்கிட் மாதிரி ஒன்றை இன்ஸ்டோல் பண்ணி ஸ்டார்ட்அப்பில் சேர்த்துவிடுங்கள்.

டியூஷன் சென்டர் கொம்பியூட்டர்களில் சில வெப்சைட்டை மறிக்க வேண்டும், ஹோஸ்ட்ஸ் பைலைத் திருத்தினால் சரி என்றார்கள். எடிட்டர் சேவ் பண்ண விடவில்லை.

நல்ல உதாரணம், இதிலேயே எல்லா வழியையும் சொல்லிவிடலாம். பைல் இருப்பது இடிசி போல்டருக்குள், ஹோஸ்ட்ஸ் என்ற பெயரில்.

எனக்குப் பிடித்தது சூடோஎடிட். சூடோ, எடிட் இரண்டையும் இடைவெளி விடாமல் ஒரே சொல்லாக எழுதி, பக்கத்தில் பைலின் முழுப் பாதையைக் கொடுங்கள். அது பைலின் ஒரு பிரதியை எடுத்து உங்களிடம் தரும், நீங்கள் உங்கள் சொந்தக் கணக்கில், உங்கள் சொந்த எடிட்டரில், உங்கள் தீம், உங்கள் எழுத்துருவோடு திருத்துவீர்கள், எடிட்டரை மூடியதும் ரூட் அதிகாரத்தோடு பழைய இடத்தில் வைத்துவிடும். எடிட்டர் ஒரு கணம்கூட ரூட் ஆகவில்லை.

எந்த எடிட்டர் திறக்க வேண்டும் என்பதை சூடோ_எடிட்டர் என்கிற சூழல் மாறியில் சொல்லலாம், இது முழுக்கப் பெரிய எழுத்து. ஆட்கள் வழுக்குவது இங்கேதான்: ஜிஎடிட் அல்லது விஎஸ்கோட் போடுகிறீர்கள் என்றால் அதன் பின்னால் இரண்டு கோடும் வெயிட் என்ற சொல்லும் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் ஏற்கெனவே திறந்திருக்கிற எடிட்டரிடம் பைலை ஒப்படைத்துவிட்டு அந்தக் கொமாண்ட் உடனே முடிந்துவிடும், சூடோஎடிட் நீங்கள் ஒன்றும் மாற்றவில்லை என்று நினைத்து "அன்சேஞ்ச்ட்" என்று சொல்லிவிட்டுப் போய்விடும். நீங்கள் அரை மணித்தியாலம் இருந்து எழுதியது எங்கேயும் போய்ச் சேராது.

இதெல்லாம் வேண்டாம், மவுஸால்தான் செய்வேன் என்றால், க்னோம் டெஸ்க்டொப்பில் பைல்ஸ் திறந்து கன்ட்ரோல், எல் அழுத்தி அட்மின் என்ற சொல், முக்காற்புள்ளி, மூன்று சாய்கோடு, இடிசி என்று அடியுங்கள். பாஸ்வேர்ட் கேட்டு அந்த போல்டரைக் காட்டும், அங்கிருந்து பைலைத் திறந்து சேவ் பண்ணலாம். கேட் எடிட்டரும் விஎஸ்கோடும் சேவ் பண்ணுகிற நேரத்தில் தாங்களே பாஸ்வேர்ட் கேட்கும். விஎஸ்கோடில் "ரீட்ரை ஆஸ் சூடோ" என்ற பொத்தான் வரும், அழுத்தினால் சரி.

ஒரே ஒரு வரி சேர்க்கிறதென்றால் சூடோ போட்டு நானோவில் திறங்கள். அது டெர்மினல் எடிட்டர், இந்த ஹோம் போல்டர் கரைச்சல் ஒன்றும் அதில் பெரிதாக இல்லை.

பைல் மெனேஜரை ரூட்டாகத் திறக்க வேண்டும். நொட்டிலஸில் எப்படி, டொல்பினில் எப்படி?

நொட்டிலஸ் என்பது க்னோமின் பைல்ஸ்தான், அதற்கு மேலே சொன்ன அட்மின் வழி. மின்டின் நீமோவில் போல்டருக்குள் ரைட் கிளிக் பண்ணினால் "ஓபன் ஆஸ் ரூட்" இருக்கிறது, திறந்த ஜன்னலில் எச்சரிக்கைப் பட்டை ஒன்றும் காட்டும். துனாரும் ரூட்டாக ஓடினால் எச்சரிக்கும். கேடிஈயின் டொல்பினை சூடோ போட்டுத் திறக்கப் பார்த்தால் அது மறுத்துவிடும், 2017இல் இருந்து அப்படித்தான், ஆட்கள் நன்றாகத் திட்டினார்கள். இப்போது கியோ-அட்மின் என்ற பொதியைப் போட்டால் டொல்பினிலும் அட்மின் வழி வேலை செய்யும்.

வேலை முடிந்ததும் அந்த ஜன்னலை மூடுங்கள். திறந்தபடியே விட்டு, பிறகு எது சாதாரண ஜன்னல், எது ரூட் ஜன்னல் என்று மறந்து டிலீட் அடிக்கிறதுதான் ஆபத்து.

புதிதாக வாங்கின ஹார்ட் டிஸ்க்கை ஜிபார்டெட்டில் ஈஎக்ஸ்டி4 ஆக ஃபோர்மட் பண்ணினேன், ஒரு பைலும் வைக்க முடியவில்லை. ரூட் பைல் மெனேஜரில் மட்டும்தான் முடிகிறது.

ஃபோர்மட் பண்ணினது ரூட், அதனால் டிஸ்க்கின் முதல் போல்டருக்கு உரிமையாளரும் ரூட். டிஸ்கை மவுன்ட் பண்ணி, மீடியா போல்டருக்குள் உங்கள் பெயருக்குக் கீழே அது தெரிகிற இடத்தை ஒரு தரம் சீஎச்ஓன் பண்ணி உங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள். அதோடு சரி, ஒவ்வொரு தரமும் ரூட்டாகத் திறந்து கொப்பி பண்ணினால் பைல்கள் எல்லாம் ரூட் பெயரில் சேரும், அது இன்னொரு தலையிடி.

விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்திருக்கிற மெஷினில் டி டிரைவ் எழுத விடவில்லை என்றால் அது உரிமைப் பிரச்சினையே இல்லை. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருந்தால் ஷட்டவுன் பண்ணினாலும் உண்மையில் அரைத் தூக்கத்தில்தான் இருக்கும், லினக்ஸ் அந்த டிரைவை வாசிக்க மட்டும் தரும். ரூட் ஆனாலும் எழுத முடியாது. விண்டோஸுக்குள் போய் பவர் ஒப்ஷனில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்துங்கள், அல்லது ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு ஷட்டவுன் பண்ணுங்கள்.

கெம்பஸ் புரொஜெக்ட்டுக்கு சாம்ப் போட்டிருக்கிறேன். எச்டிடொக்ஸ் போல்டருக்குள் எதுவும் வைக்க முடியவில்லை, மெனேஜர் ஜன்னலும் சூடோ இல்லாமல் திறக்கவில்லை.

வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் படிக்கிற பிள்ளைகளிடமிருந்து இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை. சாம்ப் என்பது சொந்த மெஷினிலேயே வெப் சேர்வர் ஓட்டுகிற தொகுப்பு, அது போய் உட்காருவது ஓப்ட் போல்டருக்குள் லாம்ப் என்ற இடத்தில், அது ரூட்டுக்குச் சொந்தம். எச்டிடொக்ஸ் முழுவதையும் திறந்துவிட வேண்டாம். அதற்குள் உங்கள் புரொஜெக்ட் பெயரில் ஒரு போல்டரை சூடோ போட்டு உருவாக்கி, அந்த ஒன்றை மட்டும் உங்கள் பெயருக்கு சீஎச்ஓன் பண்ணுங்கள். பிறகு விஎஸ்கோட், பைல் மெனேஜர் எல்லாம் சாதாரணமாகவே வேலை செய்யும்.

படம் அப்லோட் பண்ணுகிற புரொஜெக்ட் என்றால் இன்னொரு விஷயம். சாம்பின் அப்பாச்சி ஓடுவது டீமன் என்கிற கணக்கில், உங்கள் பெயரில் இல்லை. அதனால் அப்லோட்ஸ் போல்டரை மட்டும் டீமன் குழுவுக்கு மாற்றி, குழுவுக்கு எழுதுகிற உரிமை கொடுங்கள். பிஎச்பி கோட் சரியாக இருந்தும் படம் ஏறவில்லை என்று கோடைத் திரும்பத் திரும்ப மாற்றிக்கொண்டிருக்கிறவர்கள் இதைப் பாருங்கள்.

மெனேஜர் ஜன்னலைப் பற்றி: அது உண்மையில் ரூட் கேட்கிற கிராபிக்கல் புரொகிராம். ஆனால் அது செய்கிற வேலை ஸ்டார்ட், ஸ்டொப்தான். சூடோ போட்டு லாம்ப் போல்டருக்குள் இருக்கிற லாம்ப் கொமாண்டுக்கு ஸ்டார்ட் என்று சொன்னால் ஜன்னலே தேவையில்லை.

சிரேஷ்ட மாணவர் ஒருவர் சீஎச்மொட் 777 போடு, எல்லாம் சரியாகும் என்றார்.

யாரும் வாசிக்கலாம், எழுதலாம், ஓட்டலாம் என்று திறந்துவிடுகிற கொமாண்ட் அது. போல்டர் ஒன்றில் போட்டால் பாதுகாப்புப் போகும், அவ்வளவுதான். இடிசியிலோ யூஎஸ்ஆரிலோ பெரிய 'ஆர்' சேர்த்து உள்ளுக்குள் எல்லாவற்றுக்கும் போட்டால் சிஸ்டமே போகும். சூடோவின் சொந்த செட்டிங் பைலான சூடோயர்ஸை யாரும் எழுதலாம் என்று ஆனவுடன் சூடோ ஓட மறுத்துவிடும். அது மட்டும்தான் கெட்டதென்றால் பிகேஎக்ஸெக் போட்டு அந்தப் பைலுக்கு 0440 கொடுத்துத் தப்பலாம். யூஎஸ்ஆரும் சேர்ந்து போயிருந்தால் அதுவும் முடியாது, சூடோவையும் பிகேஎக்ஸெக்கையும் ரூட்டாக ஓட வைக்கிற செட்யூஐடி என்ற விசேஷக் குறியை 777 துடைத்துவிட்டிருக்கும். அந்த நிலைக்கு வந்தால் மல்லுக்கட்டாமல் லைவ் யூஎஸ்பியில் பூட் பண்ணி, டொக்கியூமென்ட்ஸை வெளியே எடுத்துவிட்டு மறுபடி இன்ஸ்டோல் பண்ணுவதுதான் கெட்டித்தனம்.

வேலண்ட் வந்த பிறகு ரூட் புரொகிராமே திறக்காது என்கிறார்களே?

பாதி உண்மை. வேலண்ட் என்பது எக்ஸ் 11க்குப் பதிலாக வந்த திரை முறை. ஃபெடோரா 25, 2016இல் வேலண்டை முதல் தெரிவாக வைத்தபோதும் உபுண்டு 17.10 வைத்தபோதும் ஜிபார்டெட், சினப்டிக் எல்லாம் திறக்காமல் நின்றன. ஒரு யூசரின் திரைக்குள் இன்னொரு யூசர் வரக்கூடாது என்பது வேலண்ட் பக்கத்தவர்களின் நிலைப்பாடு, அதில் நியாயம் இருக்கிறது. இப்போது பழைய எக்ஸ் புரொகிராம்களுக்கான எக்ஸ்வேலண்ட் வழியாகப் பல ஓடுகின்றன, டெஸ்க்டொப்புக்கு டெஸ்க்டொப் மாறும்.

திறக்காவிட்டால் எக்ஸ்ஹோஸ்ட் கொமாண்டால் ரூட்டுக்கு மட்டும் அனுமதி கொடுக்கலாம்: எக்ஸ்ஹோஸ்ட், இடைவெளி, கூட்டல் குறி, அதோடு ஒட்டி எஸ்ஐ, முக்காற்புள்ளி, லோக்கல்யூசர், முக்காற்புள்ளி, ரூட். வேலை முடிந்ததும் கூட்டல் குறிக்குப் பதிலாகக் கழித்தல் குறி போட்டு எடுத்துவிடுங்கள். வெறும் கூட்டல் குறியை மட்டும் போடச் சொல்கிற வழிகாட்டிகளை நம்ப வேண்டாம், அது யார் வந்தாலும் கதவு திறந்தபடி என்று அர்த்தம்.

ரூட்டாகத் திறந்தால் தீம் மாறுகிறது, சத்தம் வரவில்லை, தமிழும் அடிக்க முடியவில்லை. ஏன்?

தீம் செட்டிங் உங்கள் ஹோமில் இருக்கிறது, ரூட்டின் ஹோமில் இல்லை. சத்தத்தையும் ஐபஸ் தமிழ் கீபோர்டையும் நடத்துகிற சேவைகள் உங்கள் செஷனுக்குள் ஓடுகின்றன, ரூட் புரொகிராம் பெரும்பாலும் அவற்றோடு பேச முடியாது. இதைச் சரிசெய்யப் போகாதீர்கள். ரூட்டாகத் திறந்த எடிட்டரில் தமிழ் அடிக்க வேண்டிய தேவை வந்தால் வேறு வழியில் திறக்க வேண்டியதை ரூட்டாகத் திறந்திருக்கிறீர்கள்.

ஆர்டுயினோ போர்ட் சூடோ இல்லாமல் அப்லோட் ஆகவில்லை. வயர்ஷார்க்கும் அப்படித்தான்.

இரண்டுக்கும் ரூட் வேண்டாம், குழு வேண்டும். உபுண்டு, டெபியன், மின்டில் சீரியல் போர்ட்டுக்கான குழு டயல்அவுட். யூசர்மொட், கோடு போட்டு சிறிய 'ஏ'யும் பெரிய 'ஜி'யும், குழுவின் பெயர், உங்கள் பெயர். அந்தச் சிறிய 'ஏ'யை விட்டுவிடாதீர்கள், விட்டால் டயல்அவுட்டில் சேர்த்துவிட்டு மற்றக் குழுக்கள் எல்லாவற்றிலிருந்தும் உங்களைக் கழற்றிவிடும், சூடோ குழு உட்பட. பிறகு லொக்அவுட் பண்ணி மறுபடி வாருங்கள், அதுவரை மாற்றம் தெரியாது.

வயர்ஷார்க்குக்கு டிபிகேஜி-ரீகொன்ஃபிகர் போட்டு வயர்ஷார்க்-கொமன் பொதியைத் திருப்பிக் கேட்க வையுங்கள், ரூட் அல்லாதவர்கள் பக்கெட் (நெட்வேர்க்கில் போகிற டேட்டாத் துண்டு) பிடிக்கலாமா என்று கேட்கும், ஆம் சொல்லி வயர்ஷார்க் குழுவில் சேருங்கள். உண்மையில் பக்கெட் பிடிப்பது டம்ப்கேப் என்ற சின்னத் துண்டு மட்டும்தான். பிரின்டர் சேர்க்க எல்பிஅட்மின் குழு.

குரோம், விஎல்சி இரண்டும் ரூட்டாக ஓட மறுக்கின்றன.

மறுப்பதுதான் சரி. வெளியிலிருந்து வருகிற எதையும் திறக்கிற புரொகிராம்கள் அவை. பாதுகாப்பு வேலியை நிறுத்துகிற நோ-சேன்ட்பொக்ஸ் போட்டுக் குரோமை ரூட்டாக ஓட்டுகிற தேவை வீட்டுக் கொம்பியூட்டரில் யாருக்கும் வராது.

பாஸ்வேர்ட் அடித்தால் ஒன்றுமே விழவில்லை. சரியாக அடித்தும் பிழை என்கிறது.

டெர்மினலில் எழுத்துத் தெரியாது, உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கும். மின்டில் நட்சத்திரம் காட்டும்படி வைத்திருக்கிறார்கள். சரியாக அடித்தும் பிழை என்றால் மூலையில் கீபோர்ட் அடையாளத்தைப் பாருங்கள். தமிழ் லேயவுட்டில் நின்றுகொண்டு அடித்திருப்பீர்கள், கண்ணுக்குத் தெரியாததால் விளங்காது. நம்மூரில் வரும் பாஸ்வேர்ட் முறைப்பாடுகளில் முதலில் நான் கேட்பது இதைத்தான்.

பாடசாலை லேபில் பிள்ளைகள் ஒவ்வொரு தரமும் பாஸ்வேர்ட் கேட்கிறார்கள். சூடோயர்ஸில் நோபாஸ்வேர்ட் போட்டு எடிட்டருக்கு மட்டும் அனுமதி கொடுக்கலாமா?

எடிட்டருக்குக் கொடுப்பதும் எல்லாவற்றையும் கொடுப்பதும் ஒன்றுதான் சேர். ரூட்டாகத் திறந்த எடிட்டரில் சூடோயர்ஸ் பைலையே திறந்து தன் பெயரை எழுதிக்கொள்ள ஒரு பிள்ளைக்கு எவ்வளவு நேரம் போகும்? பைல் ஓபன் பெட்டி இருக்கிற எந்தக் கிராபிக்கல் புரொகிராமுக்கும் இதே கதைதான்.

பிள்ளைகளுக்கு உண்மையில் என்ன தேவை என்று எழுதிப் பாருங்கள். பிரின்டரைத் திருப்பி இயக்குவது, பென் டிரைவ் மவுன்ட், வைஃபை, இவ்வளவாகத்தான் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் பொல்கிட்டில் தனி எக்ஷன் பெயர் உண்டு, இடிசி, பொல்கிட்-1, ரூல்ஸ்.டி போல்டரில் சின்ன ஜாவாஸ்கிரிப்ட் விதி ஒன்று எழுதி அந்த எக்ஷனை லேப் குழுவுக்கு மட்டும் அனுமதிக்கலாம். டெபியன் 12க்கு முந்தியதில் இந்த முறை இல்லை, பழைய பிகேஎல்ஏ பைல்தான்.

பிகேஎக்ஸெக்கில் பெரிய ஓட்டை இருந்ததாமே?

இருந்தது. 2022 ஜனவரியில் குவாலிஸ் நிறுவனம் வெளியிட்டது, பவ்ன்கிட் என்று பெயர் வைத்தார்கள், ஓட்டையின் பதிவு எண் சிவிஈ-2021-4034. 2009இல் வந்த முதல் பதிப்பிலிருந்தே இருந்த பிழை, சாதாரண யூசர் யாரும் பாஸ்வேர்ட் இல்லாமல் ரூட் ஆகலாம். அதற்கு ஒரு வருஷம் முதல் சூடோவிலும் அதே நிறுவனம் இன்னொன்றைக் கண்டுபிடித்தது, அதுவும் பத்து வருஷப் பழசு. இரண்டும் உடனே திருத்தப்பட்டன. டேட்டா மிச்சம் பிடிக்கிறோம் என்று அப்டேட்டை நிறுத்தி வைத்திருக்கிற மெஷின்கள்தான் பயப்பட வேண்டும்.

அப்போது உண்மையாகவே ரூட்டாக ஓட வேண்டிய கிராபிக்கல் புரொகிராம் எது?

ஜிபார்டெட், சினப்டிக், சிஸ்டத்தைப் பழைய நிலைக்கு மீட்கிற டைம்ஷிஃப்ட். மூன்றும் மெனுவில் கிளிக் பண்ணினால் தாங்களே பாஸ்வேர்ட் கேட்டுத் திறக்கும், நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். ஜிபார்டெட்டில் பார்ட்டிஷனை நகர்த்துவதென்றால் மட்டும் பெக்கப் எடுத்துவிட்டு, பற்றரி நல்ல லப்டொப்பில் அல்லது யூபிஎஸ்ஸில் செய்யுங்கள். மார்கழி மழை நாளில் கரண்ட்டை நம்பித் தொடங்க வேண்டாம், நடுவில் நின்றால் டேட்டா போனதுதான்.

டெபியன் போட்டேன். சூடோயர்ஸ் பைலில் நான் இல்லை என்கிறது.

இன்ஸ்டோல் பண்ணும்போது ரூட்டுக்கு பாஸ்வேர்ட் கொடுத்திருப்பீர்கள். கொடுத்தால் டெபியன் உங்களை சூடோ குழுவில் சேர்க்காது, வெறுமையாக விட்டால்தான் சேர்க்கும். எஸ்யூ, இடைவெளி, ஒரு கோடு அடித்து ரூட் பாஸ்வேர்டைக் கொடுங்கள். அந்தக் கோடு முக்கியம், டெபியன் 10இல் இருந்து கோடு இல்லாமல் போனால் ரூட்டின் பாத் (கொமாண்டுகளைத் தேடுகிற இடங்களின் பட்டியல்) வராது, யூசர்மொட் என்ற கொமாண்டே இல்லை என்று சொல்லும். உள்ளே போய் யூசர்மொட், கோடு, சிறிய 'ஏ', பெரிய 'ஜி', சூடோ, உங்கள் பெயர். எக்ஸிட் அடித்து, லொக்அவுட் பண்ணி மறுபடி லொகின் பண்ணினால் சூடோ வேலை செய்யும்.